சுறாக் கணக்கெழுத ஆள் வேண்டும்

சுறாக்களைப் பற்றிய விவரம் சேகரிப்பதில் விஞ்ஞானிகளுக்குத் துணைநிற்கும் தொண்டர்கள் நாங்கள்; கடற்கரை மாவட்டங்களில் வாழும் மகாஜனங்களை இத்தொண்டுக்கு அழைக்கிறோம்.

சுறா என்றதும் மனிதனை விழுங்கக் காத்திருக்கும் கொடிய ஜந்து என்ற எண்ணமே சினிமாவின் உபயத்தால் அநேகருடைய மனத்தில் வேரூன்றிவிட்டபடியால், அதைக் காக்கத் தொண்டு செய்ய வாருங்கள் என்று ஒருவர் அழைத்தால், அழைப்பவருடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றியே சிலருக்குச் சந்தேகம் தோன்றக்கூடும். உண்மை நிலைமையோ நேர்மாறானது. நடுக்கடலில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970-க்குப் பின் நூற்றுக்கு 71 பங்கு குறைந்துபோயிற்று என்று 2021-இல் வெளிவந்த சர்வதேச ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இந்தக் குறைவு எளிதில் ஈடாவதும் இல்லை. மத்தி பல்லாயிரம் முட்டையிடும். நம் கரைகளில் சாதாரணமாக அகப்படும் பால் சுறாவோ ஏறத்தாழ ஓராண்டு வயிற்றில் சுமந்து, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில குட்டிகளையே ஈனுகிறது.

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா இனம் ஒன்று உண்டு. 1839-இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் அதை வருணித்து உலகுக்கு அறிவித்தார்கள். கடைசியாக அது பதிவானது 1979-இல் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குறித்திருக்கிறது. அந்த இனம் அடியோடு அற்றுப்போயிற்றா, அல்லது ஏதோ ஓர் ஏலக்கூடத்தில் பெயர் விசாரிப்பாரின்றி மற்றச் சுறாக்களோடு சேர்ந்து விலைபோய்க்கொண்டிருக்கிறதா என்பதை, நின்று பார்த்து எழுதிவைப்போர் இல்லாதவரையில் யாரால் சொல்ல முடியும்?

சட்டம் இல்லாமலில்லை. நம் மீனவர் அம்மணி உழுவை என்றழைக்கும் திமிங்கலச் சுறாவும், வேளா இனங்களும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சுறாத் துடுப்பின் ஏற்றுமதி 2015-இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் எது எங்கே எவ்வளவு அகப்படுகிறது என்று தெரியாமல் போடப்படும் எந்தச் சட்டமும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இக்கணக்கை நெடுங்காலமாகச் சிரத்தையோடு எடுத்துவருகிறார்கள். எனினும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையில் ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு துறையிலும் நிற்க அவர்களிடம் ஆள் ஏது?

சாமானியர் செய்யக்கூடிய காரியமா இது என்று தயங்க வேண்டாம். அமெரிக்கக் கரையோரத்தில் 1962 முதல் தூண்டில்காரர்களும் தொண்டர்களுமே பிடித்த சுறாக்களுக்கு அடையாளம் பூட்டிக் கடலில் விட்டு வருகிறார்கள். அப்படி விடப்பட்டவை 2 லட்சத்துக்கும் அதிகம். திமிங்கலச் சுறாவின் கதை இன்னும் விசேஷமானது. அதன் விலாப்புறத்து வெண்புள்ளிகளின் அமைப்பு ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராதாகையால், விண்மீன் படங்களை ஒப்பிட வானவியலார் வகுத்த கணித முறையையே எடுத்தாண்டு, உல்லாசப் பிரயாணிகள் எடுத்தனுப்பும் புகைப்படங்களிலிருந்து இன்ன சுறா இன்ன ஆண்டு இன்ன கடலில் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டுகொள்கிறார்கள்.

எங்கள் வேலையில் அத்தகைய உல்லாசம் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சுறாவோடு நீந்திப் படம் எடுத்துக்கொள்ள விரும்புவோர் எங்களிடம் வந்து ஏமாற வேண்டாம். விடியுமுன் படகு அணைந்து மீன் இறங்கியதும், ஏலம் கூவத் தொடங்குவதற்குள் கிடைக்கும் சொற்ப நேரத்தில், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவின்மேல் டேப்பை ஓட்டினால் அளவு கூடிவிடும். வயிற்றுத் துடுப்புகளின் உள்ளோரத்தில் விரல்போல் இரண்டு உறுப்புகள் நீண்டிருந்தால் அது ஆண்; அவை வளைந்துகொடுத்தால் இளசு, விறைத்திருந்தால் பருவமெய்தியது. சினையை அறியும் வித்தையை மட்டும் புத்தகத்தால் கற்க இயலாது. மீன் அறுக்கும் அம்மாமார்களிடம் கேளுங்கள், அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எண்ணுவோரையும் நாங்கள் விரும்பவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள், நெடுங்கயிற்றில் தூண்டில்களைக் கோத்து, கரையே தெரியாத ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாப் பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். எந்த மாதத்தில் எந்தச் சுறா எந்தத் திக்கிலிருந்து வரும் என்ற ஞானம் அவர்களிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட எழுத்தில் ஏறவில்லை. ஆகவே உரிமையாளரின் அனுமதியின்றி மீனைத் தொடலாகாது. படகின் பெயரும் ஆளின் பெயரும் குறிப்பேட்டில் இடம்பெறலாகாது. நம்பிக்கை ஒருமுறை கெட்டால் அத்துறையில் நமக்குப் பிறகு வருவோர்க்கும் கதவு அடைபட்டுவிடும்.

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப் புட்டு அவிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. பெரிய சுறாக்களின் இறைச்சியில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் வைத்தியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம் என்பதோடு அதை விட்டுவிடுகிறோம்.

கல்லூரி மாணவர், ஆசிரியர், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் யாராயினும் வாரத்துக்கு ஒரு காலை ஒதுக்கினால் போதும். ஆனால் ஒதுக்கிய காலையில் தவறாமல் வரவேண்டும், சுறாவே இறங்காத நாளில் 'இன்று இல்லை' என்று தேதியிட்டு எழுதவும் வேண்டும், ஏனெனில் இல்லாமையும் கணக்கில் சேர்ந்ததே. வழுக்காத செருப்பு அணிந்து வருக. எழுதப் பென்சிலே கொண்டு வருக, மீன் தண்ணீர் பட்டால் பேனா மை நிற்பதில்லை.