‘தலை வலிக்கிறதா?’ என்ற கேள்விக்கு என்ன விடை?

கிளிமாஞ்சாரோ மலையில் மாலைப் பொழுதுகளில் வழிகாட்டி ஒருவர் கூடாரத்துக்கு வருவார். கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் அவர் கையில் இருக்கும். அதைப் பயணியின் விரலில் மாட்டிவிட்டுக் கேட்பார்: தலை வலிக்கிறதா? குமட்டுகிறதா? சாப்பிட முடிந்ததா? இக்கேள்விகளுக்குப் பொய்யாக விடை சொல்வோர் உண்டு. உண்மையைச் சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்தப் பொய்யைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறோம்.

தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லையை ஒட்டி நிற்கும் இம்மலை ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. உச்சி 5,895 மீட்டர். மலையின் மேற்பகுதி 1973ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது; சுற்றியுள்ள காடு பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் ஏற முடியாது. சமையற்காரரும் சுமை தூக்குவோரும் உடன் வருவார்கள். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறும் வேலை இல்லை. நடந்தே உச்சியை அடையலாம். அதனாலேயே, மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்களும் இம்மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களுக்கு, ‘என் உடல் மீண்டும் என்னுடையது’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் வழியாகவும் இத்தகைய பயணம் அமைகிறது. அந்த ஆசையை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால் நடந்து ஏறலாம் என்பதால் அது எளிய மலை ஆகிவிடாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும்; ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். நாள்தோறும் ஓடிப் பயிற்சி பெற்ற இளைஞர் என்பதால் இந்த நாட்கள் குறைவதில்லை. வேகமாக ஏறும் வலிமை இருப்பதால் அவர் சில வேளை மற்றவரைவிட முன்னதாகவே நோயுறக்கூடும். வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று சுவாஹிலி மொழியில் ஓயாமல் சொல்வது இதனால்தான். ‘மெதுவாக, மெதுவாக’ என்பது அதன் பொருள்.

இங்கே நாட்கணக்கு முதன்மை பெறுகிறது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது உயர்மலை மருத்துவத்தின் பரிந்துரை. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவும் வேண்டும். மராங்கு பாதையின் ஐந்து நாள் திட்டமோ முதல் இரவை ஏறக்குறைய 2,700 மீட்டரிலும், அடுத்ததை 3,700 மீட்டரிலும், மூன்றாவதை 4,700 மீட்டரிலும் வைக்கிறது. அந்த மூன்றாம் இரவும் முழு இரவன்று. நள்ளிரவில் எழுந்து உச்சியை நோக்கி நடக்க வேண்டும். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வாங்கப்படுவதால் குறைந்த நாள் திட்டம் மலிவாக இருக்கிறது. அந்த மலிவு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. லெமோஷோ போன்ற நீண்ட பாதைகளில் ஏழெட்டு நாள் ஆகும். அங்கே பகலில் 4,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, இரவில் 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கி உறங்கும் நாளும் ஒன்று உண்டு. பணம் போதாதென்றால் ஓராண்டு பொறுத்துச் செல்வது நன்று.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல் ஆகியவை மலைநோயின் முதல் அடையாளங்கள். இந்நிலையில் சொல்லிவிட்டால், பெரும்பாலும் மேலே ஏறாமல் அதே உயரத்தில் ஒரு நாள் தங்குவதும் எளிய மருந்துமே போதும். குணமானபின் பயணத்தைத் தொடரலாம். மறைத்துக்கொண்டு ஏறினால் மூளை வீங்கலாம். நுரையீரலில் நீர் கோக்கலாம். நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் முன்னதன் அறிகுறிகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது பின்னதன் அறிகுறி. அப்போது ஆக்சிஜனும் மருந்தும் துணைதான். உடனே கீழே இறக்குவதே உயிரைக் காக்கும். ஆக, உண்மையைச் சொல்பவர் ஒரு நாளை இழக்கலாம். மறைப்பவர் உச்சியை மட்டுமின்றி உயிரையே இழக்க நேரலாம்.

‘இவ்வளவு செலவு செய்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து, பாதியில் திரும்புவதா?’ என்று கேட்பவரின் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. அதைப் போக்க ஒரு வழி, புறப்படும் முன்பே வீட்டாரிடம் பேசிவைப்பது. ‘திரும்பி வந்தாலும் உன்னை ஏளனமாகப் பார்க்க மாட்டோம்’ என்ற ஒரு சொல், மலைமேல் உண்மை பேசும் துணிவைத் தரும். திருப்பி அனுப்பிய வழிகாட்டிக்கும் வெகுமதியைக் குறைக்காமல் கொடுங்கள். அவர் தம் கடமையைச் செய்தவர்.

உடன் செல்பவருக்கும் ஒரு கடமை உண்டு. மூளை வீங்கத் தொடங்கியவருக்குத் தம் நிலை தமக்கே தெரியாது. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். குதிகாலை மறு காலின் விரல்நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அவர் மறுத்தாலும் வழிகாட்டியிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அது காட்டிக்கொடுப்பதாகாது.

இதய நோய், நுரையீரல் நோய், நீரிழிவு உள்ளவர்கள் முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மலைநோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை நீங்களாகவே வாங்கி உண்ண வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் குளிரில் உறைந்தால் பயனற்றுப் போகும். உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கே போகாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. காலையில் மருத்துவர் கட்டிலருகே வந்து ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போது, இன்றே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்ற ஏக்கத்தில், இரவு வாந்தி எடுத்ததை மறைத்து ‘நலம்’ என்று சொல்லிவிடுகிறோம். அருகில் இருக்கும் துணைவருக்கு உண்மை தெரியும். நோயாளியின் முகத்தைப் பார்த்து அவரும் வாய் திறப்பதில்லை. அச்சமின்றிச் சொல்லும்படி கேட்பது எங்கள் பொறுப்பு. அதில் நாங்கள் தவறினால், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். கேட்டதற்கு உள்ளபடி விடை சொல்வது உங்கள் பொறுப்பு. வீடு திரும்ப ஒரு நாள் கூடுதலாக ஆனாலும், நலமாகத் திரும்புவோம்.