முதலில் ரிசப்ஷனை வெட்டுங்கள்

கல்யாணச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நம்மவர்கள் முதலில் கை வைப்பது நாதஸ்வரத்தில். அடுத்தது பத்திரிகைத் தாளின் தரம். இரண்டிலும் மிச்சம் பிடித்த பணம் மேடை அலங்காரத்தின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. செலவு பெருகுவது பந்தியில்தான். முதல்நாள் ரிசப்ஷன், காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என மூன்று வேளை. அழைப்பில் 100 பேர் கூடினால் 300 இலை வரை ஏறும். ஆள் கூடினால் மண்டபமும் பெரிதாக வேண்டும். வாடகையோடு அது நிற்குமா? கரண்டுக்கு மீட்டர் பார்த்துத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, துப்புரவுக்குத் தனி. சில மண்டபங்களில் அவர்கள் கைகாட்டும் சமையல்காரரைத்தான் வைத்தாக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள். மொய் வந்தால் சரிக்கட்டிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அதுவும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். பின்னே மொய் நோட்டு எதற்கு? சட்டம் இவ்வளவையும் கேட்கவில்லை. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் இந்துத் திருமணம் செல்லும் என்று 1967-இலேயே அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. மற்றதெல்லாம் நாமாக இழுத்துப் போட்டுக்கொண்டவை. எதை முதலில் விடலாம் என்று என்னைக் கேட்டால், முதல்நாள் ரிசப்ஷனை என்பேன். ஒரு வேளைச் சாப்பாடு, மேடை, லைட், பாட்டுக் கச்சேரி எல்லாம் ஒரே அடியில் போய்விடும். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.