நம் மொழியில் வளர்ந்த வெறுப்பு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து, பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோளில் பையோடு வந்த முன்பின் அறியாத ஆள் ஒருவனைச் சபையைச் சேர்ந்தவர் மறித்தார். பையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அங்கேயே குண்டு வெடித்தது. மறித்தவரும் மாண்டார், பிள்ளைகளும் மாண்டார்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளையும் சேர்த்தால், அந்தத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அரசின் குற்றம் நிரூபணமான ஒன்று. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து புலனாய்வு எச்சரிக்கை வந்திருந்தது. ஒரு வாரம் கழித்துப் பொலிஸ் திணைக்களத்துக்குள் சுற்றிய கடிதத்தில், இந்தத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய பிரசங்கி சஹ்ரான் ஹாஷிமின் பெயரே இருந்தது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான பகையில், பிரதமர் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாமலே இருந்தார். கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்களும் அந்தத் தீர்ப்பிலிருந்து தப்பவில்லை.

அவர்களைச் சாடி எழுதியதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். தமிழ் பேசும் நாம், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும், நம் பொறுப்பை இன்றுவரை நேர்மையாகப் பேசவில்லை.

சஹ்ரான் வெறுப்பைப் பிரசங்கம் செய்தது தமிழில். அவரது காணொளிகள் பேஸ்புக்கில் தமிழில் ஓடின. கொழும்பில் இருந்த சிங்கள அதிகாரிக்கு அவை புரியாமல் போயிருக்கலாம். நமக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அந்த வெறுப்பின் முதல் இலக்கு தேவாலயங்கள் அல்ல, காத்தான்குடியின் சூபி முஸ்லிம்கள். 2004இலேயே சூபிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு அவர்கள்மீது பாய்ந்தார்கள். சூபிகள் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள், கைது செய்யக் கோரினார்கள். ‘அது சோனகருக்குள் நடக்கும் சண்டை’ என்று தமிழர்கள் ஒதுங்கினோம். ‘மார்க்கத் தகராறு, ஊர் மானம் சந்திக்கு வரக் கூடாது’ என்று முஸ்லிம் பெரியவர்கள் பலர் அமுக்கினோம். பத்திரிகைகளில் இருந்த நாம் மூலைச் செய்தியாகப் போட்டுக் கடந்தோம்.

2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். உடனே சந்தேகம் முன்னாள் புலிகள்மீது விழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். கொன்றது சஹ்ரானின் குழு என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பின்புதான் வெளிப்பட்டது. ஓர் ஏழைக் குடும்பம் ‘எங்கள் ஆள் நிரபராதி’ என்று அழுதபோது அதைக் கேட்டு விசாரிக்க நம்மில் எத்தனை பேர் போனோம்? போயிருந்தால், உண்மையான கொலையாளிகள் யார் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

சர்வதேசப் பயங்கரவாதம் என்றதும் எல்லை தாண்டி வரும் அந்நியர்களையே நினைத்துக்கொண்டிருந்தோம். 2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸை இழந்து, ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு தன் கடைசி நிலத்துண்டையும் பறிகொடுத்தது. ஒரு மாதத்துக்குள் இலங்கையில் குண்டுகள் வெடித்தன. பாகூஸுக்கான பழி என்று ஐ.எஸ். தலைவர் பக்தாதி அதை உரிமை கொண்டாடினார். சித்தாந்தமும் கொடியும் வெளியிலிருந்து வந்தவை. ஆட்கள் நம் ஊர்க்காரர்கள், பணம் கொழும்பின் வசதியான வியாபாரக் குடும்பத்தினுடையது, வாடகை வீடு நம் தெருவில். நிலத்தைப் பிடித்தால் அமைப்பு முடிந்தது என்று எண்ணும் அரசும், தெருவில் நடப்பதைப் பாராத சமூகமும் சேர்ந்தே தோற்றன.

குண்டு வெடித்த பிறகும் நாம் திருந்தவில்லை. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது நம் கண்டனம் மெல்லிய குரலில்தான் வந்தது. 2020இல் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தன் தமிழ்க் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதானார். அந்த நூலில் ஐ.எஸ்.ஸின் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் இருந்தன. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் நூலை விரித்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். எழுத்தாளர்களாகிய நம்மில் சிலரே பேசினார்கள், பலர் பயந்தோம். ஒன்றரை ஆண்டு அடைபட்டுப் பிணையில் வந்த அவர், 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். தமிழில் வெறுப்பைப் பேசியவரையும் நாம் தடுக்கவில்லை, தமிழில் அதை எதிர்த்தவரையும் காக்கவில்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. புலனாய்வுத் தகவல் அரசியல் பகையில் சிக்காமல், நடவடிக்கை எடுக்க வேண்டியவரிடம் போய்ச் சேர வேண்டும். சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மையின் முறைப்பாட்டையும் பொலிஸ் பதிவு செய்து விசாரிக்க வேண்டும். தமிழ் தெரிந்த அதிகாரிகள் போதிய அளவில் வேண்டும். ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் சட்டங்கள் போக வேண்டும், ஏனென்றால் தகவல் தருவது அந்தச் சமூகம்தான். 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த சஹ்ரானின் குழுவினரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே.

நாம் செய்ய வேண்டியதை எந்தச் சட்டமும் செய்து தராது. நாளை ஒரு பிரசங்கி, ஒரு பூசகர், ஒரு போதகர், ஓர் அரசியல்வாதி, யாராயினும், இன்னொருவரின் உயிரைக் கேட்டு நம் மொழியில் பேசினால், அவர் எந்த மதம் என்று பார்க்காமல் எதிர்த்துப் பேசுங்கள். மிரட்டப்பட்டவர் முறைப்பாடு கொடுக்கப் போகும்போது அவரோடு பொலிஸ் நிலையம் வரை போங்கள். 2017இல் காத்தான்குடிச் சூபிகள் தனியாகத்தான் போனார்கள்.