ஸ்கேனர் பேசவில்லையா? கார் சாகவில்லை!

காருக்கு நோய் வந்தால், மெக்கானிக் இப்போது ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். அது கையடக்கமான ஒரு கருவி.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம் 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் கருவியைச் செருகினால், எங்கே கோளாறு என்பதை வண்டியே எண்களில் சொல்லிவிடும். அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு முதல் கார்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயமானது. இந்தியாவில் 2010-ம் ஆண்டு முதல் படிப்படியாக வந்தது.

சில நேரம் கருவி வாயே திறக்காது. "தொடர்பு இல்லை" என்று மட்டும் காட்டும்.

உடனே ஒரு தீர்ப்பு வரும். "கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதாக மாற்ற வேண்டும்!"

வாடகைக் காரை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது தலையில் விழும் இடி. அந்தப் பெட்டியை மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணம் அதற்குப் போய்விடும்.

வைத்தியருக்கு நாடி அகப்படவில்லை என்பதற்காக, நோயாளி இறந்துவிட்டார் என்று சொல்லலாமா?

எங்கே பார்ப்பது?

முதலில் சாவி. சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் விளக்குகள் எரிய வேண்டும். இல்லாவிட்டால் பல வண்டிகள் ஸ்கேனருக்குப் பதில் சொல்லாது.

அடுத்து பியூஸ். கருவியில் விளக்கே எரியவில்லையா? சாக்கெட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். பல கார்களில் செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்கும் இந்தச் சாக்கெட்டுக்கும் ஒரே பியூஸ்தான். சார்ஜும் ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பியூஸைப் பாருங்கள். அதன் விலை சில ரூபாய்தான்!

பிறகு துளைகள். 16-வது துளையில் பேட்டரி மின்சாரம் வர வேண்டும். 4-வதும் 5-வதும் எர்த். மெக்கானிக் மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் தகடு வளைந்திருந்தாலும், பாசி பிடித்திருந்தாலும் தொடர்பு கிடைக்காது.

பேட்டரியையும் மறக்கக் கூடாது. என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டரும் தடுமாறலாம்.

கடைசியாக, கருவியையே சோதியுங்கள். வேறொரு காரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் பேசாவிட்டால் குற்றவாளி கார் அல்ல, ஸ்கேனர்! மலிவான போலிக் கருவிகள் சந்தையில் ஏராளம். சில கருவிகளுக்குச் சில வண்டிகளின் பாஷை தெரியாது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் மீது கை வைக்க வேண்டும்.

யார் செய்வது?

காஞ்சிபுரம் மாவட்டம் கார் செய்யும் மாவட்டம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

அதே மாவட்டத்தில்தான், உத்திரமேரூர் வட்டத்தில், சாலவாக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் உள்ள சிறிய பட்டறைக்காரருக்கு நல்ல ஸ்கேனரும் பயிற்சியும் வேண்டாமா? அவரிடம் அவை இல்லாவிட்டால், சிறு கோளாறுக்கும் வண்டியை நகரத்துக்குக் கட்டி இழுத்துப் போக வேண்டும். இழுவைக் கூலி ஒரு பக்கம், அன்றைய சவாரி நஷ்டம் மறு பக்கம்!

இந்த நியாயத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

"பழக்கம் இல்லாதவர் கையில் கருவி ஆபத்து" என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. பிரேக்கும் ஏர் பேகும் உயிர் காக்கும் சமாசாரம். அதற்கு மருந்து பயிற்சிதான், கதவை அடைப்பதல்ல!

அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் பட்டறைக்காரர்களுக்கு மாலை வகுப்பு நடத்தட்டும். பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கட்டும்.

வண்டிச் சொந்தக்காரர்களும் வாய் திறக்க வேண்டும். "கம்ப்யூட்டர் போச்சு" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

பியூஸ் பார்த்தீர்களா? பேட்டரி எத்தனை வோல்ட்? இந்த ஸ்கேனர் வேறு காரில் பேசுகிறதா?

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.