பழைய துவக்குக்கு விலை சொல்வது யார்?

சில மாதங்களுக்கு முன் கட்டுகஸ்தோட்டையில் நண்பரொருவரின் கருமாதிக்குச் சென்றிருந்தேன். தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உறவினர் கலைந்த பின்னர், அவருடைய மனைவி என்னை உள்ளே அழைத்து, பழைய சேலையில் சுற்றிய இரட்டைக்குழல் துவக்கொன்றைக் காட்டினார். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை முறைப்படி எழுதிக் கொடுத்துச் சென்ற துவக்கு அது.

மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் அதற்கு இருபதாயிரம் ரூபா தருவதாகக் கூறியிருந்தாராம். “பேர்பெற்ற இங்கிலாந்துத் துவக்கு என்று இவர் சொல்லுவார். நான் ஏமாந்து போகிறேனா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

நான் முதலில் விலையைப் பற்றிப் பேசவில்லை. இலங்கையில் துவக்கு என்பது மேசை, கதிரை போன்ற பண்டமன்று. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. ஆள் மறைந்தால் துவக்கு தானாகப் பிள்ளைகளைச் சேர்ந்துவிடாது. எனவே பொலிசுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அறிவிக்கச் சொன்னேன். அறிவித்து, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம்.

அந்த முதியவர் வேலைப்பாட்டையோ பெயரையோ பார்க்கவில்லை. குழல்களைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, மெல்லத் தட்டினார். குழல்களை இணைக்கும் பட்டி உறுதியாக இருந்தால் வெண்கல மணிபோல ஒலிக்கும். விட்டுப் போயிருந்தால் மழுங்கிய ஓசைதான் வரும். பின்னர் குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உட்புறத்தைப் பார்த்தார். துருக்குழிகளும் நெளிவுகளும் அங்கே நிழலாகத் தெரியும். பிடிக்கட்டையின் கழுத்தில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பார்த்தார். தோட்டா அறையையும் அளந்தார். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. இன்று பரவலாகக் கிடைப்பதோ இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா.

கடைசியாகக் குழலின் அடியிலிருந்த சிறு முத்திரைகளைப் பூதக்கண்ணாடியால் வாசித்தார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1813 முதல் துவக்குக் குழல்களைச் சோதிக்கும் இல்லமொன்று இயங்குகிறது. அதன் முத்திரைதான் ஒரு குழல் எதைத் தாங்கும் என்பதற்குச் சாட்சி. நண்பரின் துவக்கு, இரும்பையும் உருக்கையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல் கொண்டது. கரும்பொடி மருந்துக்கான முத்திரை மட்டுமே அதிலிருந்தது. இக்காலப் புகையற்ற மருந்துத் தோட்டாவை அதிலிட்டுச் சுட்டால் குழல் வெடித்து, சுடுபவரின் கை போகலாம்.

அக்கா ஏமாறவில்லை. ஏமாற இருந்தவர் அந்தத் தோட்டக்காரர்.

அவருடைய நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் ஓர் இரவிலோ ஒரு பகலிலோ ஒரு போகத்தை அழித்துவிடும். பயிரழிக்கும் விலங்குகளை எண்ணுவதற்கென்றே 2025 மார்ச் 15 அன்று நாடெங்கும் காலையில் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடந்ததை வாசகர்கள் அறிவர். புதிய துவக்கு வாங்க வசதியில்லாத விவசாயி பழையதைத் தேடுகிறார். அனுமதி உள்ளவரே வாங்கலாம் என்பதால் விற்பவருக்கும் ஆட்கள் சிலரே. இப்படிக் குறுகிய சந்தையில் பேசி முடிப்பது விலையாக இருக்கலாம். அது பெறுமதி ஆகிவிடாது.

பெறுமதியை ஒரு தரப்பு மாத்திரம் தீர்மானிக்கக்கூடாது என்பதற்குக் கண்டியிலேயே பெரிய சான்று உண்டு. லெவ்கே திசாவை மன்னருக்கு அளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த வெண்கலப் பீரங்கியை 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டுச் சென்றனர். இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து அதன் வரலாற்றை ஆராய்ந்தனர். அதன் பின்னரே 2023 இல் அது இலங்கைக்குத் திரும்பியது. அதனுடன் வந்த பொருள்களில் இரண்டு பழைய துவக்குகளும் அடக்கம். சுட உதவாத அவற்றுக்குத் தோட்டாவின் கணக்கில் பெறுமதி ஏதுமில்லை. வரலாற்றின் கணக்கில் அவை விலைமதிப்பற்றவை. எந்தக் கணக்கில் மதிக்கிறோம் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

என் கருத்து இதுதான். துவக்கொன்று கைமாறும்போதெல்லாம், வாங்குபவரும் விற்பவரும் அல்லாத தகுதியுள்ள மூன்றாம் ஆள் அதைச் சோதித்து, குழலின் நிலையையும் ஏற்ற தோட்டாவையும் எழுத்தில் தரவேண்டும். அந்தச் சான்றின்றி உரிமம் மாறக்கூடாது. சோதனை முத்திரைக்கு உட்படாத குழலை விற்பது பிரித்தானியாவில் 1868 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாமோ வாகனத்துக்கு ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் கேட்கிறோம். முகத்துக்கு அருகே வெடிக்கும் பொருளுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பது முறையாகுமா?

அக்கா துவக்கை விற்கவில்லை. பொலிசிடம் ஒப்படைத்துவிட்டு, தோட்டக்காரரை அழைத்துக் காரணத்தையும் கூறினார். வீடு திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: “வாங்கினவன் கை போனால், அந்த இருபதாயிரத்தை நான் எந்தக் கையால் எண்ணுவது?”

நான் கேட்ட மதிப்பீடுகளில் நேர்மையானது அதுவே.