சுவர் கிடக்கட்டும்!

உடம்பிலே சிறையின் வரைபடத்தைப் பச்சை குத்திக்கொண்டு, வங்கியிலே துப்பாக்கி காட்டி, அண்ணன் அடைபட்ட சிறைக்கே தம்பியும் போகிறான், சுவரைத் துளைத்து அண்ணனை மீட்க! 2005-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடங்கிய 'பிரிசன் பிரேக்' தொடரின் கதை இது. நடக்கக்கூடியதா என்று நண்பர்கள் நம்மை மடக்குகிறார்கள்.

துளைப்பது நடக்கும், தோழர்களே! 1962-இல் அல்காட்ராஸ் தீவுச் சிறையிலே மூவர், தீட்டிய கரண்டிகளால் சுவரைக் குடைந்தனர். படுக்கையிலே பொம்மைத் தலைகளை வைத்துவிட்டு, மழைக்கோட்டுகளால் ஆன தெப்பத்திலே போனவர் போனவர்தாம், இன்றளவும் அகப்படவில்லை. நடக்காதது வேறு. இன்ன சிறைதான் வேண்டுமென்று கைதி கேட்டு வாங்குவதா? மாமியார் வீடென்று கேலிக்குச் சொல்கிறோம். அதற்காக விரும்பிய வீட்டிலா போய் இறங்க முடியும்?

சரி, குற்றமற்ற அண்ணனுக்கு மரண தண்டனை என்கிறார்களே, அது? கதை நடக்கும் இல்லினாய் மாநிலத்தையே பாருங்கள். 1977 முதல் 2000 வரை அங்கே தண்டனை நிறைவேறியது 12 பேருக்கு. தண்டிக்கப்பட்டு, பின்னர் தீர்ப்பு தவறென்று விடுதலையானவர் 13 பேர்! மரண தண்டனையை ஆதரித்து வந்த ஆளுநர் ஜார்ஜ் ரயனே 2000-இல் அதை நிறுத்திவைத்தார். 2011-இல் சட்டமே ஒழிந்தது.

அந்தப் பதின்மூவரும் சுவரைத் துளைத்து வரவில்லை. மூடிய வழக்கை மறுபடி திறந்ததால் வந்தனர். மாண்டுபோன பன்னிருவரின் வழக்கை இனி யார் திறப்பது?