அவர்களே விரும்பி அங்கே வாழ்ந்தார்களாம்!

சில நாட்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் கெட்டோக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "யூதர்கள் எப்போதும் தங்களுக்குள்ளேயே கூடி வாழ்கிறவர்கள். வியாபாரம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது. கெட்டோவும் அவர்களாகத் தேர்ந்துகொண்ட இடம்தானே தோழர்?" அவரிடம் வன்மம் எதுவும் இல்லை. எங்கோ கேட்டதைச் சொன்னார். நேரமாகிவிட்டது என்று நானும் கடந்துவிட்டேன். அது தவறு. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். பதில் ரோம் நகரில் இருக்கிறது.

ரோம் நகர யூதர்கள் ஐரோப்பாவின் மிகப் பழைய யூதச் சமூகங்களில் ஒன்று. கிறித்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பிருந்தே அங்கே வாழ்ந்து வருபவர்கள். போப்பாண்டவர்களுக்கே வைத்தியம் பார்த்த யூத மருத்துவர்கள் அந்த நகரில் இருந்திருக்கிறார்கள்.

1555 ஜூலை 14 அன்று போப் நான்காம் பவுல் ஓர் ஆணையை வெளியிட்டார். யூதர்கள் தங்கள் குற்றத்தாலேயே நிரந்தர அடிமைத்தனத்துக்கு விதிக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் கிறித்தவர்களோடு கலந்து வாழ்வது அபத்தம் என்று அது தொடங்கியது. இனி அவர்கள் ஒரே பகுதியில்தான் குடியிருக்க வேண்டும். வீடோ நிலமோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. ஆண்கள் மஞ்சள் தொப்பி அணிய வேண்டும். பெண்களுக்கும் அடையாளத் துணி உண்டு. யூத மருத்துவர் கிறித்தவருக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. பழந்துணி வியாபாரம் செய்யலாம். தானியம் முதலிய வாழ்க்கைத் தேவைப் பொருட்களை விற்கக் கூடாது.

இந்த ஆணையில் ஒரு விதி என்னை நிறுத்தி வைத்தது. ஏழைக் கிறித்தவர்கள் தங்களை 'ஐயா' என்று அழைக்க யூதர்கள் இடம் கொடுக்கக் கூடாதாம். எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்! அந்த ஏழைக்கு இந்த ஆணை ஒரு ரொட்டித் துண்டுகூடக் கொடுக்கவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பை மட்டும் கொடுத்தது. அந்த நினைப்பு போதும், சுவருக்கு அவனே காவல் நிற்பான்.

சுவர் எழும்பியது. கட்டிய செலவும் யூதர்கள் தலையிலேயே விழுந்தது. டைபர் ஆற்றங்கரையில், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் தாழ்வான இடம். இரவானால் வாயில்கள் பூட்டப்படும். எத்தனை பேர் பெருகினாலும் அதே சில தெருக்கள்தான். எனவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன, வெளிச்சம் குறைந்தது. ஒரே ஒரு தொழுகைக்கூடத்துக்குத்தான் அனுமதி என்பதால், ஐந்து சபைகள் ஒரே கட்டடத்துக்குள் நெருக்கிக்கொண்டு வழிபட்டன. 1577 முதல், மதம் மாறச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்க அவர்கள் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். திருவிழா நாட்களில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே யூதர்களை ஓடவிடும் பழக்கம் கெட்டோவுக்கு முன்பே, 1466-இல் தொடங்கியிருந்தது. அது 1668 வரை தொடர்ந்தது.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு சமூகத்தைப் பழந்துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாமல் வைத்துவிட்டு, "இவர்கள் கந்தல் பொறுக்கிகள்" என்றார்கள். வெள்ளம் புகும் சந்துகளில் அடைத்துவிட்டு, "இவர்கள் அழுக்கானவர்கள்" என்றார்கள். வாயிலைப் பூட்டிவிட்டு, "இவர்கள் தங்களுக்குள்ளேயே வாழ்கிறவர்கள்" என்றார்கள். பூட்டியவன் கையில் இருந்த சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நெப்போலியன் காலத்தில் சில ஆண்டுகள் கிடைத்த விடுதலையைத் தவிர, 1870-இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழையும்வரை இந்தக் கட்டுப்பாடுகளின் பிடி தளர்வதும் இறுகுவதுமாக நீடித்தது. அதன் பிறகு 37 ஆண்டுகளில், 1907-இல், எர்னெஸ்டோ நாதன் என்ற யூதர் ரோம் நகர மேயரானார். 'இயல்பு', 'ரத்தம்' என்றெல்லாம் சொல்லப்பட்டவை எங்கே போயின?

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. 1938-இல் முசோலினி அரசு யூதர்களைத் தனியே கணக்கெடுத்தது. இனச் சட்டங்கள் வந்தன. யூதப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1943 செப்டம்பரில், ரோமைக் கைப்பற்றியிருந்த நாஜிகள் 36 மணி நேரத்தில் 50 கிலோ தங்கம் கேட்டார்கள். கொடுத்தால் யாரையும் தொட மாட்டோம் என்றார்கள். மோதிரம், சங்கிலி என்று திரட்டிக் கொடுத்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 16 விடியற்காலையில் பழைய கெட்டோ தெருக்கள் சுற்றிவளைக்கப்பட்டன. அன்று நகரெங்கும் 1,259 பேர் பிடிபட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்சுக்கு ரயில் ஏற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். அவர்களில் ஒருவர்தான் பெண்.

சட்டம் கொடுத்த சமத்துவத்தை இன்னொரு சட்டம் பிடுங்கிக்கொள்ள 68 ஆண்டுகள் போதுமாயிருந்தன. சுவர் இடிந்தது, ஆனால் 'அவர்கள் வேறு' என்ற எண்ணம் இடியவில்லை.

அம்பேத்கர் இதை நன்கு அறிந்திருந்தார். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு இந்துக் கிராமத்துக்கும் ஒரு கெட்டோ உண்டு என்கிறார். ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்ல அவர் ஐரோப்பாவின் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல. ஆனால் "அவர்களே விரும்பித்தான் அங்கே இருக்கிறார்கள்" என்ற பொய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எனவே, தோழரே, அடுத்த முறை யாராவது ஒரு சமூகத்தைக் காட்டி "அவர்கள் இயல்பே அப்படி" என்றால், பதிலுக்கு மூன்று கேள்விகள் கேளுங்கள். சுவரை எழுப்பச் சொன்னவர் யார்? வேறு வேலையைத் தடுத்தவர் யார்? சாவி யாரிடம் இருந்தது? அன்று நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.